மீதிச் சில்லறை

ஹராரேயில் சில்லறை கிடையாது.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு டாலரை நீட்டி
"நீங்களே பிரிச்சுக்குங்க" என்று இறக்கிவிடுவேன்.
முன்பின் தெரியாத இருவர்
ஒரே தாளின் இரு நுனியைப் பிடித்தபடி
ரொட்டிக்கடை தேடிப் போவார்கள்.
பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு:
சிட்டுங்விசாவிலிருந்து நகரத்துக்கு, நகரத்திலிருந்து சிட்டுங்விசாவுக்கு,
வேனுக்குள் பாதி உடம்பு, காற்றில் பாதி.

மகள் ருவராஷேவுக்குப் பொருளாதாரத்தில் நாற்பத்தொன்று.
விடைத்தாளை மடித்து, மேலும் மடித்து,
தீப்பெட்டி அளவாக்கித்தான் காட்டினாள்.
"டியூஷன் வேணும்ப்பா.
யாரோ ஒருத்தர் இல்ல. நல்ல ஆள்."

நல்ல ஆள் எந்த நிறுத்தத்தில் ஏறுவார்?

முதலில் சிகோவோரே.
சுவரெல்லாம் சட்டமிட்ட சான்றிதழ்கள்.
ஒரு பருவத்துப் பணம் முன்கூட்டியே வேண்டும்,
ஒவ்வொரு நோட்டையும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்ப்பார்,
ஓரம் கிழிந்ததைத் திருப்பித் தருவார்.
போகட்டுமென்று நான் கேட்டேன்:
"கிழிந்த டாலரைச் சந்து முனைக்காரன்
எழுபது சென்ட்டுக்கு எடுக்கிறானே, ஏன் சார்?"
"அது பரீட்சையில் வராது" என்றார்.

அடுத்து முசாருர்வா.
கார் நிற்க வேண்டிய கொட்டகையில் இருபத்து மூன்று பேர்.
பதினைந்து வருட வினாத்தாள்கள் அவர் விரல் நுனியில்.
பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டு வந்தவள்
ஷூவைக் கழற்றாமலே சொன்னாள்:
"எல்லாரும் எழுதினோம்.
யாருமே ஒண்ணும் கேக்கல."

அப்புறம் ஒரு பையன், பல்கலைக்கழகம்,
நன்றாகத்தான் பேசினான். திரும்ப வரவில்லை.
தென்னாப்பிரிக்காவுக்கு பஸ் ஏறிவிட்டானாம்.

நோம்சாவை நான் தேடவே இல்லை.
கடைசி இருக்கையில், மடியில் திருத்தாத தாள்கள்,
வாயில் சிவப்புப் பேனா மூடி.
இறங்கும்போது அவளையும் ஒரு சிமென்ட்காரரையும்
வழக்கம்போல ஒரு டாலரில் கட்டிவிட்டேன்.
"நோட்டு உங்களுக்கே, எனக்கு உங்க கையிலிருக்கும்
அந்த நாலு தக்காளி போதும்" என்றாள்.
அவர் யோசித்து மூன்று கொடுத்தார்.
அவளும் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.
பின்னால் வந்தவன் ஹார்ன் அடிக்க அடிக்க
நான் படியில் நின்றே கேட்டேன், அதே கேள்வியை.

பதில் சொல்லவில்லை.
"எழுபதுக்கு எடுக்கிறவன்
அதை யாரிடம் கொடுக்கிறான்?
என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?"

பதினோரு வருடம்.
கேட்டதில்லை.

மணிக்கு ஐந்து டாலர் என்றாள். குறைக்கமாட்டாள்;
அவள் வீட்டிலும் இரண்டு பள்ளிச் சீருடைகள் காய்கின்றன.
என்னிடம் இருந்தது இரண்டரை.
அந்த அரை டாலரும் என்னிடம் நோட்டாக இல்லை,
ஏதோ ஒரு கடைக்காரர் எழுதித் தந்த
துண்டுச் சீட்டாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மழை. வேன் நிரம்பி வழிந்தது.
திருமதி கும்போவின் மகன் கும்பிராய்
நெஞ்சோடு அணைத்திருந்தான் அதே நீலப் புத்தகத்தை,
அட்டை நனையாதிருக்கச் சட்டைக்குள் பாதி.
எனக்கு வாய் தானாக வந்தது:
"அம்மா, ஐந்து டாலர், ரெண்டு பிள்ளைங்க.
நீங்களே பிரிச்சுக்குங்க."
அவர் மீதிக் காசைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து
கையை நீட்டினார்.

இப்போது சனிக்கிழமைகளில் ஒரே மேசை.
பாதி நேரம் சண்டை.
எலாஸ்டிசிட்டி என்று கத்துகிறார்கள்,
பக்கத்து வீட்டார் வந்து விசாரிக்கிறார்கள்.
நோம்சா நடுவில் அமர்ந்து தக்காளி நறுக்குகிறாள்.

ஐம்பத்தாறு.
இந்த முறை தாளை ஒரே ஒரு மடிப்புதான் மடித்திருந்தாள்.

நேற்று கிழிந்த டாலரோடு சந்து முனைக்குப் போனோம்.
ருவராஷேதான் கேட்டாள்: "இதை யாரிடம் விற்பீர்கள்?"
அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:
"உனக்கு எழுபத்தைந்து தருகிறேன்,
அவளைக் கூட்டிக்கொண்டு போ."