வியாழன் இரவு பத்தேகால்

ஓஸ்ட்ராவாவில் எங்கள் தியேட்டருக்குப்
பதினேழு படி கீழே இறங்க வேண்டும்.
அறுபத்திரண்டு இருக்கை. ஒன்பதில் ஸ்பிரிங் துருத்தும்.
மேலே ட்ராம் போனால் திரை லேசாக நடுங்கும்.
படத்தில் அது எந்தக் கட்டமானாலும்
பொருத்தமாகவே இருந்துவிடும்.

வியாழக்கிழமைகளில்
யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யாத படங்கள் போடுவேன்.
தாடையில் காது முளைத்த பாதிரியார்.
கிணற்றுக்குள்ளிருந்து விலாசம் கேட்கும் குரல்.
தன் நிழல் தனக்கு முன்பே வீடு சேர்ந்து
மனைவியோடு சூப் குடிப்பதைச்
சன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறவன்.
பனி கொட்டுகிறது. அவன் கதவைத் தட்டுவதில்லை.
இரண்டு மணி நேரமும் தட்டுவதில்லை.

வருகிறவர்கள்
நீங்கள் நினைக்கிற மாதிரி கிடையாது.
த்ராஹோமீராவுக்கு ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை.
பகலெல்லாம் பார்ப்பது போதாதா என்றேன் ஒருமுறை.
"அங்கே யாரும் எழுந்திருப்பதில்லையே" என்றாள்,
பியர் மூடியைப் பல்லால் கழற்றியபடி.
ஓட்டகார் வரிக் கணக்கர். பயம் வந்தால்
டை முடிச்சை இறுக்குவார், தளர்த்த மாட்டார்.
யோலானா முழுப் படத்தையும் விரலிடுக்கில்தான் பார்ப்பாள்,
இப்படிப் பார்க்கிறவர்களுக்கு அரை டிக்கெட் உண்டா என்று
வாரம் தவறாமல் கேட்பாள்.

ரீல் சுற்றும்போது யோசித்ததுண்டு.
பல் விழுந்த இடத்தை நாக்கு
ஓயாமல் தேடிப் போகிறதே,
அதற்கு என்ன காரணம் சொல்வது?

டிசம்பரில் ஒருமுறை பெட்டி மாறி வந்துவிட்டது.
நீல டப்பாவுக்குள் வேறு படம்:
கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கெண்டை மீன்
குளியல் தொட்டியில் நீந்துகிறது.
பிள்ளைகள் அதற்குப் பெயர் வைக்கிறார்கள்.
வெட்ட மனமில்லாத தாய்
வாளியில் தூக்கிப்போய் ஆற்றில் விடுகிறாள்.
கடைசி ரயிலில் அப்பா வந்து இறங்குகிறார்.
மேசையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

விசிலடிப்பார்கள், காசு கேட்பார்கள் என்று
கல்லாவைத் திறந்தே வைத்திருந்தேன்.
ஒரு சத்தமுமில்லை.
முதன்முறையாக டையைத் தளர்த்திய ஓட்டகார்
பிறகு அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
எழுந்திருக்காதவர்களைக் கழுவிப் பழகிய த்ராஹோமீரா
கோட்டைக்கூட எடுக்காமல் படியேறிப் போனாள்.
யோலானா முகத்திலிருந்து கையை எடுத்திருந்தாள்,
எடுத்த கையை எங்கே வைப்பதென்று
கடைசிவரை தெரியவில்லை அவளுக்கு.

மறுவாரம் நிழல்காரன் படத்தையே திரும்பப் போட்டேன்.
கோட்டுக்காக வந்ததாகச் சொன்ன த்ராஹோமீரா
முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.
சன்னலுக்குள் நிழல் கரண்டியை உயர்த்திய நொடியில்
மேலே ட்ராம் கடந்தது.
யாரோ அலறினார்கள்.
யாரோ சிரித்தார்கள்.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்,
ஸ்பிரிங் குத்தும் ஒன்பது இருக்கைக்காரர்கள் உட்பட.
இருட்டில் ஒரு பாக்கெட் வறுத்த பூசணி விதை
கைமாறிக் கைமாறி
என் அறைச் சன்னல்வரை வந்தது.

பூட்டிவிட்டு நடந்தேன்.
எஃகு ஆலைப் பக்கம் வானம் எப்போதும் போல் சிவப்பு.
திருப்பத்தில் நிமிர்ந்தால்
மூன்றாவது மாடியில் என் சன்னலில் விளக்கு.
அணைத்துவிட்டுத்தான் வந்தேன்,
அணைத்ததாகத்தான் ஞாபகம்.
பதினோரு வருடமாக அங்கே
என்னைத் தவிர யாருமில்லை.

தெருவிளக்கின் அடியில் நின்று
காலடியைப் பார்க்கலாமா என்று நினைத்தேன்.
பார்க்கவில்லை.

படியேறினால் வெங்காயம் வதங்கும் வாசனை,
என் வீட்டிலிருந்தா பக்கத்து வீட்டிலிருந்தா தெரியவில்லை.
சாவி சட்டைப்பையில்தான் இருந்தது.

கதவைத் தட்டினேன்.