பாட்டுப் பலகை

கோயில் சாவி என்னிடம்.
அதனால் முதலில் நனைந்தவன் நான்.
புயல் கடந்து மூன்றாம் நாளும்
கொருக்குப்பேட்டையில் கரண்ட் இல்லை.
எங்கள் பதினோரு படிகளில்
ஏழு தண்ணீருக்குள்.
தண்ணீர்மேல் டீசல்,
மயில்கழுத்து நிறத்தில் விரிந்து.

பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கினோம்.
நடுவில் அரிசி மூட்டை.
ஞானஸ்நானத் தொட்டியில் வெங்காயம்.
போதகர் அருமைநாதன் வேட்டியை மடித்துக் கட்டிப்
பூண்டு உரித்தார்,
ஒரு பல்லுக்கு ஒரு நிமிஷம்.

முதல் நாள் கூத்தைச் சொல்லியாக வேண்டும்.
நாங்கள் எழுநூறு பொட்டலம் தக்காளி சாதம்.
அந்தோணியார் கோயிலில் அறுநூறு,
அதுவும் தக்காளி சாதம்.
அச்சாபீஸ் மாடியில் கூடும் எழுப்புதல் சபையார்
உபவாசம் இருந்தபடியே கிண்டிய எலுமிச்சை சாதம்.
மூன்று வண்டியும் போனது
வண்டி போகக்கூடிய ஒரே தெருவுக்கு.
மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி வாளி இறக்கினார்கள்.
மூன்றாம் வண்டிக்கு வாளி இறங்கவில்லை.
டிவைடர் மேல் ஒதுங்கியிருந்த நாய்
முகர்ந்து பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தி வந்தாள்,
மார்பளவு தண்ணீரில்.
தலைமேல் குக்கர்,
குக்கருக்குள் ரேஷன் கார்டும் போனும்.
தேசம்மா என்று பெயர் சொன்னாள்.
படி ஏறவில்லை.
“கேட்டுக்கு அந்தாண்ட நாப்பத்தி மூணு வூடு இருக்குதுங்க.
அதுவும் மெட்ராஸ்லதான் வருது.”

அன்றிரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில்
மூன்று சபையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது.
இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
ஜெபத்தை யார் தொடங்குவது என்று
சின்ன இழுபறி.
“தெருப் பேரை முதல்ல எழுதுங்க,
ஆமென் அப்புறம்” என்றார் ரெஜினா சிஸ்டர்.

எழுத எதுவுமில்லை, நோட்டெல்லாம் கூழ்.
ஏணி போட்டுப்
பாட்டுப் பலகையைக் கழற்றினேன்.
ஞாயிறுதோறும் பாமாலை எண்களை
நான் செருகும் பலகை.
இடது பக்கம் சாக்பீஸில் தெரு.
வலது பக்கம் எண்கட்டை: எத்தனை வயிறு.
பூஜ்யக் கட்டை இரண்டே இரண்டு.
நூறு என்று ஒரு தெருவுக்குத்தான் போட முடிந்தது.
எண்பது பேருக்கு எண்பத்தொன்று,
அறுபதுக்கு அறுபத்தொன்று.
அந்தக் கூடுதல் ஒன்றை
எப்போதும் யாரோ சாப்பிட்டார்கள்.
கேட்டுக்கு அப்பால் மட்டும்
நிஜமாகவே நூற்றுத் தொண்ணூற்றொன்று.
தேசம்மா பேர் பேராய் எண்ணிச் சொன்னாள்.

காசிமேட்டிலிருந்து லாரியில் வந்தது
ஃபைபர் படகு.
தண்டவாள மேட்டில் அதைத் தூக்கித் தாண்டினோம்
எட்டுப் பேர்,
கேட்கீப்பரும் அவர் மச்சானும் சேர்த்து.
தேசம்மா முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள்:
“ரைட்டுல போ. கீழ ஆட்டோ நிக்குது, மெதுவா.”

ஒரு வீட்டில் மட்டும் கதவு திறக்கவில்லை.
ஜன்னல் கம்பியில் பொட்டலத்தைச் செருகிவிட்டு வந்தோம்.
மறுநாளும் அது அங்கேயே இருந்தது.
பலகையில் ஒன்றைக் குறைக்க
எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
தண்ணீர் இறங்கி, சேறு படியேறியிருந்தது.
சாக்பீஸ் எழுத்தைத் துடைத்துப்
பலகையை மாட்டியவன் நான்;
கடைசி வரியில் கட்டைகளை மாற்றவில்லை.
போதகர் நிமிர்ந்து பார்த்தார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
“பாட்டு, நூற்றுத் தொண்ணூற்றொன்று” என்றார்.
எல்லாரும் எழுந்தார்கள்.
ஈரத்தில் ஒட்டிய பக்கங்களை
நகத்தால் பிரிக்கும் சத்தம்.

தேக்சாவைத் திருப்பிக் கொடுக்க வந்த தேசம்மா
வாசலில் நின்று பலகையைப் பார்த்தாள்.
என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:
“நூத்தித் தொண்ணூறுதாண்ணா.”

ஏணி எடுக்கப் போனேன்.
பூஜ்யம் ஒன்று
என் சட்டைப் பையிலேயே இருந்தது.