கூறப்படுகிறது

இந்த வினைச்சொல்லுக்கு வாய் கிடையாது.
குழித்துறையில் பகுதிநேர நிருபராகச் சேர்ந்தபோது
முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்.
கூறியது யார் என்று எந்த வக்கீலும் கேட்க முடியாது.
சென்டிமீட்டர் கணக்கில் காசு.
பெயர் போட மாட்டார்கள்.
'நமது நிருபர்' என்ற இரண்டு சொல்லுக்குள்
ஆறு வருடம் குனிந்து கிடந்தேன்.

பிறகு களியல் பக்கம், இடதுகரைச் சானலில்,
புளோறிபாய் மிதந்தாள்.
ஒரு காலில் செருப்பு.
தலையில் கட்டிய லைட்
தண்ணீருக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தது.
லைட்டைப் பற்றி நான் எழுதவில்லை.

டெஸ்க்கிலிருந்து போன்.
வயசு? இருபத்தாறு.
படம்? வாங்கிடலாம் சார்.
கோணம்?

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே
அவள் அப்பா தாசையன் சொல்லியிருந்தார்:
'எனக்குப் பனியாக்கும். முந்நூறு மரமும்
அவளாக்கும் வெட்டப் போனா. மூணு மணிக்கு.'

எங்கள் வீட்டிலும் மூன்று மணிக்குத்தான் விளக்கு எரியும்.
அம்மா பால்வெட்டுக் கத்தி தீட்டும் சத்தத்தில்
படித்துப் பத்தாம் வகுப்பு தேறியவன் நான்.
மூன்று மணி என்பது காலை.
தெரியும்.
நள்ளிரவு என்று எழுதினேன்.

'நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேறிய அழகி
யாரையோ சந்திக்கச் சென்றதாகக் கூறப்படுகிறது.'

சுவரிலிருந்த படத்தை அவரே கழற்றித் தந்தார்,
கண்ணாடித் தூசியை லுங்கியால் துடைத்து.
சாயங்காலம் கொண்டு தந்திருவேன் என்றேன்.
மார்த்தாண்டத்தில் ஸ்கேன் செய்யும்போது
பக்கத்தில் நின்ற ஆளை வெட்டினேன்.
அவள் தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சியது.
அதையும் வெட்டியிருக்கலாம்.
வட்டம் போட்டேன்.
கீழே ஒரு வரி: 'இந்தக் கை யாருடையது?'

நகத்தைச் சுற்றி ஒட்டுப்பால் கறுத்த கை.
ஐந்து நிமிடம் முன்பு அதிலிருந்துதான்
படத்தை வாங்கியிருந்தேன்.

மறுநாள் முதல் பக்கம்.
ஜெபசிங். நான்கு எழுத்து, தடித்த மையில்.
அம்மா அதைக் கத்தரித்து பைபிளுக்குள் வைத்தாள்.
செய்தியை அவள் வாசிக்கவில்லை,
எழுத்துக் கூட்டத் தெரிந்தது பெயரை மட்டும்.

டீக்கடைகளில் அந்தக் கைக்கு ஏழு பெயர் வைத்தார்கள்.
அதில் ஒரு பெயருக்குச் சொந்தமான ஜீப் டிரைவர்
வீட்டைப் பூட்டிவிட்டுப் புனலூருக்குப் போய்விட்டான்.
நான் நாகர்கோவிலுக்கு. மாதச் சம்பளம், அடையாள அட்டை.

ஐந்தாவது மாதம் குற்றப்பத்திரிகை:
பன்றிக்கு வைத்த கரண்டுக் கம்பி.
பயந்துபோன சூப்பர்வைசர் இரண்டு பேரைக் கூட்டி
உடலைச் சானலில் தள்ளியிருக்கிறான்.
எழுதி அனுப்பினேன்.
ஒன்பதாம் பக்கம், ரப்பர் விலைக்குக் கீழே, மூன்று சென்டிமீட்டர்.
அதில் 'கூறப்படுகிறது' இல்லை.
படமும் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை தாசையன் கூப்பிடுவார்.
திட்டுவார் என்று முதல் தடவை
போனை வராண்டாவுக்குக் கொண்டுபோய் எடுத்தேன்.
'மக்களே, அந்தப் படம் கிடைச்சா கொள்ளாம்.
ஜெபக்கூட்டத்துக்கு வைக்கணும்.
அவளுக்க வேற படம் இல்ல, கேட்டியா.'
ஆபீசில் தேடச் சொல்கிறேன் என்பேன்.

படம் என் ஸ்கூட்டர் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

போன மாதம் அருமனை வரை போய்விட்டேன்.
வெறுங்கையோடு எப்படிப் போவது என்று
ஜங்ஷனில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கும்போது
போன் அடித்தது.
குலசேகரத்தில் இரட்டைக் கொலை.
டிவிக்காரர்கள் தக்கலை தாண்டிவிட்டார்கள்.

இங்கே என் மனம் வலித்திருக்கும் என்று நினைப்பீர்கள்.
உள்ளது உள்ளபடி சொன்னால்,
எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர வேண்டும்
என்றுதான் இருந்தது.
ஒவ்வொரு குழியிலும் பெட்டிக்குள்
கண்ணாடி தட்டிக்கொண்டே வந்தது.

நான்தான் முதல் ஆள்.
உள்ளே ஒரு பெண் எழுந்து
சுவரிலிருந்து படத்தைக் கழற்றினாள்.
முந்தானையால் தூசி துடைத்தாள்.

நான் கையை நீட்டினேன்.