மாதிரி கொண்டு வரவும்

ஜனவரி. டுலூத் ஏரிக்கரையில்
மூச்சு மீசையிலேயே உறைகிற காலை.
ஆர்வோ நீமி கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார்.
கோட்டுக்குள் சட்டை, சட்டைக்குள் வெந்நீர்ப் பை,
அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு டெல்லா.
தாடிக்கார ஓணான். முந்நூற்று எண்பது கிராம்.
போன மாதம் நானூற்றுப் பத்து.
வாயைத் திறக்காத சாதி இது.
பலன் சொல்லாது, வலியும் சொல்லாது.

வரவேற்பு மேசையில் என் வேலை
பெயர், எடை, தொலைபேசி எண்.
அப்புறம் மதிப்பீட்டுத் தாளை
எழுத்துள்ள பக்கம் கீழே இருக்க
மெல்ல நகர்த்துவது.

டாக்டர் பார்க்க தொண்ணூற்றிரண்டு.
மலப் பரிசோதனை நாற்பத்தெட்டு.
எக்ஸ்ரே நூற்று அறுபது.
ரத்தம் நூற்று முப்பது.

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.
மளிகைச் சீட்டில் முந்திரிப்பருப்பை அடிப்பது போல
எக்ஸ்ரேயை அடித்தார்.
ரத்தத்தின் மேல் பென்சில் கொஞ்சம் நின்றது.
அடித்தார்.
"இவளை வாங்கினதே முப்பத்தைந்துக்கு,
கீறல் விழுந்த கண்ணாடித் தொட்டியோடு சேர்த்து."
கால் பணத்துச் சுண்டைக்காய்.
சுமைகூலியை நான் இன்னும்
கூட்டிக்கொண்டிருந்தேன்.

"மாதிரி கொண்டு வந்தீர்களா?"
இல்லை. பதினொரு நாளாக
அவள் எதுவும் போகவில்லை.
தினம் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம்,
வந்தால் உடனே எடுத்து வாருங்கள் என்றார்
டாக்டர் ஹால்வர்சன்.

பிறகு தினமும் மாலையில் தொலைபேசி.
"ஒன்றுமில்லை" என்பார். வைத்துவிடுவார்.
பின்னால் தண்ணீர் சலசலக்கும்.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து
பாத்திரம் கழுவும் தொட்டியில் அவளை மிதக்கவிட்டு
வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பார் போலும்.
மூன்றாம் நாள் அவர் பேச்சு குழறியது.
குடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.
பல்லாம். கீழே, இடப்பக்கம்.
பிடுங்க இருநூற்றைம்பது கேட்கிறார்களாம்.
"அது மார்ச்சில்" என்றார்.

ஆறாம் நாள் காலை ஏழரை.
நான் கதவைத் திறக்கும் முன்பே
கண்ணாடிக்கு அப்பால் நின்றார்,
தயிர் டப்பா ஒன்றை இரு கையாலும் ஏந்தி.
ஒன்பது வருஷமாக இந்த மேசையில் இருக்கிறேன்.
மலம் வந்ததற்காக ஒருவர்
அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை,
அதுவும் ஒரு பக்கமாக,
வீங்கிய கன்னத்தோடு.

கீரிப்பூச்சி, நிறைய.
காக்சிடியாவும் கொஞ்சம்.
இரண்டு மருந்து, ஐம்பத்தேழு.
மூன்று வாரத்தில் இன்னொரு மாதிரி,
இன்னொரு நாற்பத்தெட்டு.

"காசு கொடுப்பவன் நான்தானே,
நானும் ஒரு தடவை பார்க்கலாமா?"
டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.
ஆர்வோ தொப்பியைக் கழற்றினார்.
ஒரு கண்ணை மூடினார்.
மூட வேண்டியது அதுவல்ல, மற்றது.
நெடுநேரம்.
வெளியே பனி அள்ளும் வண்டி
தெருமுனை வரை போய்த் திரும்பியது.

"ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது" என்றார்,
கண்ணை எடுக்காமல்.
பிறகு, "விளிம்பு எத்தனை சுத்தம்.
யாரோ உட்கார்ந்து செய்தது மாதிரி."
பிறகு, "வாடகை கொடுக்காமல்
என் பெண்ணுக்குள் குடியிருக்கிறார்கள்."

நான் ஊசியில்லாத சிரிஞ்சில்
சிவப்புக் கோடு போட்டுக் காட்டினேன்.
இவ்வளவுதான். கோட்டைத் தாண்டக் கூடாது.
ஒரு துளிக்கும் குறைவான வெள்ளை.
அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

பணம் ஒரு பழுப்பு உறையிலிருந்து வந்தது.
ஐந்தும் பத்துமாக எண்ணி வைத்தார்.
உறையின் மேல் பென்சிலில் 'பல்' என்றிருந்தது.
அதை அவர் அடிக்கவில்லை.
மடித்துத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்,
வெந்நீர்ப் பைக்கும் டெல்லாவுக்கும் நடுவே
வழி பார்த்து.

அட்டையில் தேதி எழுதினேன்.
பிப்ரவரி பதினொன்று, காலை எட்டு.
கீழே, வழக்கமாக எழுதுகிற வரி.
அவர் அதை வாய்விட்டு வாசித்தார்,
தலையசைத்தார்,
பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டார்.