அறை எண் பதினான்கு

உடைந்த நாற்காலிகளை வெளியேற்றிவிட்டு
இந்த அறையை எனக்குக் கொடுத்தார்கள்.
ஒரு நாற்காலி மட்டும் போக மறுத்தது.
அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாசலில் பலகை: அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு.
முதல் மாதம் வந்தவர் ஒரே ஒருவர்,
எப்பநாட்டிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் பட்டாவோடு.
அளந்து பார்த்ததில் நாலு சென்ட் குறைகிறதாம்.
இது வேற சொத்துங்க என்றேன்.
"அளக்க முடியாத சொத்தா?"
அளக்கலாம், ஆனால் வார்த்தையால்.
ஒரு 'அல்லது' விட்டுப்போனாலும்
பக்கத்துத் தோட்டத்துக்காரர் உள்ளே வந்துவிடுவார்.
அவருக்கு உடனே புரிந்தது.
எனக்கே அன்றுதான் புரிந்தது.

பிறகு கருத்தரங்கு வைத்தோம்.
வருகைப் பதிவில் நூற்றிருபது கையெழுத்து,
அரங்கில் நாற்பது தலை.
வடை மட்டும் கணக்குப்படி தீர்ந்தது.

ஜனவரியில் தவமலர் வந்தாள்,
முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு.
தலைக்குந்தாவில் அப்பாவுக்குக் குத்தகை உருளைக்கிழங்கு.
ஒரு குடைக்கம்பி, ஒரு சில்லு, பழைய சைக்கிள் மணி.
புல்மேல் பனி உறைய நாற்பது நிமிடம் இருக்கும்போது
மணி அடிக்கும்.
எழுந்து தண்ணீர் தெளித்துவிடலாம்.

யாருக்காவது காட்டினாயா?
"காட்டினேனே சார். டிசம்பர்லயே
கீழ்வரிசை ஏழு வீட்டுக்கும் செஞ்சே குடுத்துட்டேன்.
எப்படிச் செய்யறதுன்னு குரூப்ல வாய்ஸ் மெசேஜும் போட்டேன்."

பேனாவை மூடிவைத்தேன்.
சட்டத்தின் அகராதியில் புதிது என்றால்
ஊர் இன்னும் பாராதது.
ஏழு வீடு காப்பாற்றிய பொருள்
ஏற்கெனவே பழையது.

"அப்ப குடுத்திருக்கக் கூடாதா?"
விண்ணப்பம் போட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம்.
"அதுவரைக்கும் பனி காத்திருக்குமா சார்?"
அந்தக் கேள்விக்கு என்னிடம் படிவம் இல்லை.

"தினமும் இந்தப் பலகையைத் தாண்டித்தான் போறேன்.
வீடு கட்டறவங்களுக்குன்னு நினைச்சேன்"
என்றாள், வருத்தமில்லாமல்.
வருத்தம் முழுக்க நாற்காலியின் இந்தப் பக்கம்.

கதவு வரை போனவள் திரும்பினாள்.
"இன்னொண்ணு இருக்கு சார்.
இதை யார்கிட்டயும் சொல்லலை."
நில் என்றேன்.
ஜன்னலைச் சாத்தினேன். உள்ளே வந்திருந்த மூடுபனியும்
எங்களோடு மாட்டிக்கொண்டது.

சொன்னாள்.
அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன்.
கவிதையும் பிரசுரம்தான்.

"லூர்து அண்ணனுக்கு மட்டும் தெரியும்"
என்றாள் முடிவில்.
எனக்குப் பகீரென்றது.
"அந்த வளைவு அவர் யோசனைதானே சார்."
எந்த வளைவு என்று நீங்களும் கேட்காதீர்கள்.

கண்டுபிடிப்பாளர் பெயர் என்ற கட்டத்தில்
அவள் எழுதத் தொடங்கியது துறைத்தலைவர் பெயரை.
இதில் அவர் யோசித்தது எது?
நெடுநேரம் யோசித்தாள்.
"லேப் சாவி குடுத்தார்."
சாவிக்கு நன்றியுரை உண்டு. அது ஆய்வேட்டில், வேறு பக்கம்.
நாளை அவர் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான்.
அடித்துவிட்டு எழுது என்றேன்.

ஆய்வக உதவியாளர் லூர்துநாதனை வரவழைத்தோம்.
கையில் கண்ணாடிக் குடுவை, அதில் பாதி நுரை.
"என் பேரு எதுக்குங்க?
சம்பளத்துல ஏதும் பிடிப்பாங்களா?"
பிடிக்கமாட்டார்கள். ஒருநாள் வந்தால் வரும்,
வராமலும் போகலாம்.
"அப்ப சரி" என்றார்,
எதற்குச் சரி என்று தெரியவில்லை.

அவள் குறிப்பேட்டில் பக்க எண் இல்லை.
ஒன்றிலிருந்து போடவைத்தேன்.
சாட்சிக் கையெழுத்துக்கு என் பேனா எழுதவில்லை,
குளிரில் மை இறுகிவிட்டது.
டீ கிளாஸில் ரீஃபிலை ஒட்டிவைத்து
மூவரும் காத்திருந்தோம்.
தேதி. நேரம் மூன்று நாற்பது.

லூர்துநாதன் குனிந்து, எழுத்தெழுத்தாக
தன் பெயரைப் படித்தார்.
"நாதன்ல ஒரு கால் விட்டுப்போச்சுங்க" என்றார்.

சேர்த்தேன்.