ஆறாவது சிலிண்டர்

தானம் கொடுத்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
இது ஐம்பத்தெட்டாயிரம் டொலர்.
நான் பல் வைத்தியர் வேறு.

கல்கரியில் ஒக்டோபர் வியாழன்.
மெக்லியொட் சாலையோரக் கடையில்
ஈரச் சிலேட்டின் நிறத்தில் ஒரு போர்ஷே,
பதினாறு வயது, தொண்ணூற்றிரண்டாயிரம் கிலோமீட்டர்.
சாரதி இருக்கையில் யாரோ ஒருவரின் முதுகு
இன்னும் எழுந்து போகவில்லை.

கடன் பத்திரம் எழுதும் அறையில் டாரில்
மூன்று அட்டைகளைச் சீட்டுப்போல் விரித்தார்.
முதலாவது எஞ்சினுக்கு மட்டும்.
இரண்டாவது கியருக்கும் வயர்களுக்கும்.
மூன்றாவது, தங்க நிறத்தது, எல்லாவற்றுக்கும் என்றார்.
'எல்லாவற்றுக்கும்' என்ற சொல்லுக்குக் கீழே
நாலு பக்கம் விதிவிலக்கு.

தேய்மானம் சேராது. துரு சேராது.
ஆறு மாதத்துக்கொருமுறை ஒயில் மாற்றிய ரசீது வேண்டும்,
பனிக்காலம் முழுக்க வண்டி போர்வைக்குள் கிடந்தாலும்.
ஏற்கெனவே இருந்த கோளாறு
சேரவே சேராது.

எனக்குப் பழகிய பாஷைதான்.
நானும் இப்படித்தானே எழுதிக் கொடுக்கிறேன்:
பல்லுறைக்கு ஐந்து வருட உத்தரவாதம்,
நித்திரையில் பல்லை நெரிக்காதவர்களுக்கு.
எண்ணெய் விலை விழுந்த வருடங்களில்
நெரிக்காத வாய் இந்த ஊரில் எது?

கையெழுத்துக்கு முன் ஒரு நாள் கேட்டு
ஒக்டனில் இருக்கிற தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.
ஓரெஸ்ட் பிளக்கைக் கழற்றிய துளைக்குள்
விளக்கு வைத்த மெல்லிய கம்பியை இறக்கினார்.
வேர்ச் சிகிச்சையில் என் கை செய்வதை
எண்ணெய்க் கறை படிந்த இன்னொரு கை
என்னைவிடப் பொறுமையாய்ச் செய்தது.
ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம்.
ஆறாவதின் சுவரில்
பூனை நகம் இழுத்ததுபோல் ஒரு கோடு.

பத்து வருடம் ஓடலாம், என்றார்.
பத்து வாரத்திலும் நிற்கலாம்.
பேனாவின் மூடியைத் திறந்து, எழுதாமல் பிடித்துக்கொண்டு:
நான் எழுதினால் இது ஏற்கெனவே இருந்தது.
எழுதாவிட்டால் தங்க அட்டைக்காரன் பாடு.
உங்கள் வண்டி. நீங்கள் சொல்லுங்கள்.

ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், சிவகடாட்சம்,
கீழ்க் கடைவாயைக் கையால் பொத்தியபடி:
இன்சூரன்ஸ் அடுத்த மாசம்தான் தொடங்குது,
திகதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ டொக்டர்.
எக்ஸ்ரேயில திகதி விழுந்திட்டுது அண்ணை, என்றேன்.
சரியாகத்தான் சொன்னேன்.
அவர் வெளியே போய்த் தன் கொரோலாவுக்குள்
கதவைச் சாத்தாமல் கனநேரம் இருந்தார்.
கண்ணாடி வழியே பார்த்தேன்.
அதை நான் எந்தக் கோப்பிலும் எழுதவில்லை.

எழுதுங்கள், என்றேன் ஓரெஸ்டிடம்.
நேர்மை என்று இதற்குப் பெயர் வைக்க வெட்கமாயிருக்கிறது.
அவருக்கு இல்லாத அடுத்த மாதம்
எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

டாரில் தாளை இரண்டு தரம் படித்தார்.
விலையில் ஆறாயிரம் இறங்கியது.
சீட்டுகள் மூன்றும் மேசை லாச்சிக்குள் திரும்பின.

ஆறாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டிருக்கிறேன்.
வெடிச்சால் இது காணுமோ, என்றார் குகநேசன்.
கால்வாசிக்குக் காணும்.
அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை,
திறப்பைத் தவிர.
கொடுக்கவில்லை.

காலையில் முதல் உறுமல்.
குளிர்ந்த இரும்பு டிக் டிக்கென்கிறது.
ஜன்னலை இறக்கி, தலையைச் சாய்த்து,
இங்கே நோகுதா, இங்கே, என்பதுபோல் கேட்டிருக்கிறேன்.
பிறகு டியர்ஃபுட் பெருஞ்சாலையில் ஏறி
ஊசி ஐயாயிரத்தைத் தொட்டால்
அந்தச் சத்தத்தில் வேறொன்றும் கேட்பதில்லை.

அதற்குத்தான் வாங்கினேன்.