குறிப்பாணைக்கு விளக்கம்

அயனாவரம் பணிமனையில்
தட்டச்சு என் வேலை.
யார் என்ன சொன்னாலும் மூன்று நகல்.

29சி. காலை எட்டே கால். புரசைவாக்கம் தாண்டி
ஆறு ரூபாய்ச் சீட்டுக்கு ஐநூறை நீட்டியவர்
சில்லறை கேட்டதற்கு
சட்டம் பேசியிருக்கிறார்.
"நல்லா அகராதி புடிச்ச ஆளுய்யா நீ"
என்றிருக்கிறார் நடத்துநர் தேசம்மா.
வண்டியே சிரித்ததாம்.
புகார் மனுவில் அந்தச் சிரிப்பும் இருந்தது,
அடிக்கோடிட்டு.

குறிப்பாணைக்கு அவர் தந்த விளக்கம்
ஒரே ஒரு ஜெராக்ஸ்.
மகளின் பள்ளிக்கூட அகராதி, மூன்றாம் பக்கம்:
அகராதி, பெயர்ச்சொல்.
சொற்களை அகர வரிசையில் அடுக்கிப்
பொருள் கூறும் நூல்.
கீழே நீல மையில்
"நான் அவரை நூல் என்றேன்.
நூல் விடவில்லை."

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மேலாளர் அறையிலிருந்து
இன்னும் தடித்த ஒன்றை வரவழைத்தார்.
செல்லரித்த அதிலும்
திமிர் இல்லை, வீம்பு இல்லை.
தன் பெயரை வைத்து
ஊர் யாரைத் திட்டுகிறது என்று
அதற்கே தெரியவில்லை.

'குற்றம் நிரூபிக்கப்படவில்லை'
வரை அடித்துவிட்டேன்.
புகார்தாரர் எழுந்தார்.
"அவங்க சொன்ன தொனி சார், தொனி!"
தொனிக்குப் பக்க எண் கேட்டார் அதிகாரி.

பையைத் தோளில் மாட்டி
வாசல் வரை போன தேசம்மா
என்ன நினைத்தாரோ, திரும்பினார்.

"ஐயா, திட்டத்தான் திட்னேன்.
அவருக்குப் புரிஞ்சது.
பின்னாடி சீட்டு காலேஜ் பசங்களுக்குப் புரிஞ்சது.
படியில தொங்கிக்கினு வந்தவனுக்கே புரிஞ்சது.
புக்குல இல்லன்றதுக்காக
நான் ஒண்ணுமே சொல்லாத மாதிரி ஆயிடக் கூடாது.
மெமோ வேணா வெச்சிக்குங்க."

ஒரு நாள் சம்பளம் பிடித்தம்.
புகார்தாரர் முகம் தெளிந்திருந்தது,
தன்னைத் திட்டியது
உண்மைதான் என்றானதில்.

முதலிலிருந்து அடித்தேன், மூன்று நகல்.
'அகராதி: திமிர் பிடித்தவர் என்ற பொருளில்.'
ஆதாரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு
29சி என்று போட்டேன்.

அதிகாரி படித்தாரா தெரியாது.
கையெழுத்துப் போட்டார்.